வெள்ளை அடித்தால் ஓட்டை ஆகாது

கேள்வி: துணிப்பையில் அச்சடிக்க இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒரு சின்னம் வரைந்தேன். சிவப்பு வட்டம், அதன்மேல் வெள்ளையில் ‘வணக்கம்’. எழுத்து இருக்கும் இடத்தில் பையின் மஞ்சள் நிறமே தெரிய வேண்டும். ஆனால் மஞ்சள் பின்னணியில் வைத்தால் எழுத்து வெள்ளையாகவே நிற்கிறது. எழுத்தின் நிறத்தை நீக்கினால் எழுத்தே காணாமல் போகிறது. என்ன செய்வது?

பதில்: வெள்ளையும் ஒரு நிறம்தான். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது மை இறங்கும் வலைச்சட்டம். இப்படியே அனுப்பினால் வெள்ளைக்குத் தனி ஸ்கிரீன், தனி மை, தனிக் கூலி. எழுத்தின் நிறத்தை நீக்கும்போது அடியில் இருக்கும் சிவப்பு தெரிகிறது, அதனால்தான் எழுத்து மறைகிறது. ஆகவே, வட்டத்தின் சிவப்பையே எழுத்தின் வடிவத்தில் வெட்டி எடுக்க வேண்டும்.

முதலில் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வெட்டிய பிறகு அது எழுத்தாக இருக்காது, வெறும் கோட்டு வடிவம்தான். பிழை திருத்தவோ எழுத்துருவை மாற்றவோ முடியாது.

எழுத்தைத் தேர்ந்தெடுத்து பாத் மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுங்கள். ஒவ்வொரு எழுத்தும் தனி வடிவமாகி, எல்லாம் ஒரே குழுவாக நிற்கும். குழுவை அன்குரூப் செய்து, எல்லா வடிவங்களும் தேர்வில் இருக்கும்போதே அதே பாத் மெனுவில் ‘யூனியன்’ கொடுங்கள். அப்புறம் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு வட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ‘டிஃபரன்ஸ்’. விசைப்பலகையில் கண்ட்ரோலும் கழித்தல் குறியும். வேலை முடிந்தது.

டிஃபரன்ஸ் எப்போதும் அடுக்கில் கீழே இருப்பதிலிருந்து மேலே இருப்பதைக் கழிக்கும். வட்டம் மேலே இருந்துவிட்டால் எழுத்து முழுவதும் கழிந்து, திரையில் ஒன்றுமே மிஞ்சாது. பதற வேண்டாம். கண்ட்ரோல் இசட் போட்டு, வட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து எண்ட் விசையை அழுத்தினால் அது அடியில் போய்விடும். பிறகு மறுபடி வெட்டுங்கள்.

யூனியனுக்குப் பதில், கோடுகளைக் கரைக்காமல் அப்படியே ஒரே வடிவமாகச் சேர்க்கும் ‘கம்பைன்’ செய்யச் சொல்பவர்கள் உண்டு. தமிழ் எழுத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். சில எழுத்துருக்களில் துணைக்குறி எழுத்தின்மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். இடைவெளியைக் கையால் நெருக்கினாலும் அப்படித்தான். கம்பைன் செய்தால் இரண்டும் மோதும் இடம் வெட்டுப்படாமல் சிவப்புத் துணுக்காகத் தங்கிவிடலாம். திரையில் கண்ணுக்குத் தப்பும், அச்சில் பளிச்சென்று தெரியும். யூனியன் அந்த மோதலைக் கரைத்து ஒரே வடிவமாக்கிவிடும்.

கம்பைனில் இன்னொரு தொல்லையும் உண்டு. வட்டத்தையும் எழுத்தையும் கம்பைன் செய்தாலே ஓட்டை விழுந்த மாதிரி தெரியும்; அச்சகத்து மென்பொருளில் திறந்தால் ஓட்டை அடைபட்டிருக்கலாம். இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி கோப்பு வடிவத்தில் எது உள், எது வெளி என்று கணக்கிட இரண்டு விதிகள் இருக்கின்றன. ஒன்று கோடுகளை எண்ணிப் பார்க்கும்; மற்றது கோடு சுற்றும் திசையையும் பார்க்கும். வெளிக்கோடும் உட்கோடும் ஒரே திசையில் சுற்றினால் இரண்டாவது விதிப்படி உள்ளே நிறம் நிரம்பிவிடும். ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகத்தில் விதியை மாற்றலாம். ஆனால் டிஃபரன்ஸில் வெட்டினால் இந்தக் கவலையே வேண்டாம்.

இல்லஸ்ட்ரேட்டரில் வேலை செய்பவர்களுக்கு: எழுத்தை ‘கிரியேட் அவுட்லைன்ஸ்’ செய்து, பாத்ஃபைண்டரில் ‘மைனஸ் ஃப்ரண்ட்’.

சரி, வெட்டியதும் அடியில் ஒரு மஞ்சள் செவ்வகம் போட்டுச் சோதியுங்கள். எழுத்துக்குள் மஞ்சள் வந்தால் ஓட்டை உண்மை. அச்சகத்துக்கு எஸ்விஜி அல்லது பிடிஎஃப் கொடுங்கள். வாட்ஸப்பில் காட்ட பிஎன்ஜி போதும், ஆனால் படமாக அல்லாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஜேபெக்காக மட்டும் சேமிக்காதீர்கள். அந்த வடிவத்தில் வெறுமை என்பதே கிடையாது, ஓட்டையில் ஏதாவது ஒரு நிறத்தை நிரப்பிவிடும்.

இதே வடிவத்தைப் பிறகு தகட்டிலோ அட்டையிலோ ஸ்டென்சிலாக வெட்டுவதாக இருந்தால் ‘வ’, ‘க’ போன்ற எழுத்துகளின் மூடிய சுழிகளைப் பாருங்கள். சுழிக்குள் இருக்கும் துண்டு எதிலும் ஒட்டாமல் தனியாக நிற்கும். அச்சில் அது சிக்கலில்லை. ஸ்டென்சிலில் கழன்று விழுந்துவிடும். மெல்லிய ஒரு செவ்வகத்தைச் சுழித்துண்டிலிருந்து வெளிச்சிவப்பு வரை பாலமாக வைத்து, செவ்வகத்தையும் சிவப்பு வடிவத்தையும் யூனியன் செய்துவிடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளி உள்ளே நிரம்பிய வட்டமாக இருந்தால் அதற்குப் பாலம் தேவையில்லை. வளையமாக வரையும் எழுத்துரு என்றால் ‘க்’, ‘ம்’ இரண்டின் புள்ளிக்கும் போட வேண்டும்.