ஒயர் இழுக்காத தீ அலாரம்: கரண்ட் போனாலும் ஒலிக்குமா?

கேள்வி: கீழே எங்கள் ஜவுளிக்கடை, முதல் மாடியில் சரக்கு, இரண்டாம் மாடியில் குடும்பம். பழைய கட்டடம், சுவரை உடைத்து ஒயர் இழுக்க வழியில்லை. நான்கு வைஃபை ஸ்மோக் டிடெக்டர் மாட்டினால் போதுமா?

பதில்: போதாது. அவற்றின் எச்சரிக்கை ரவுட்டர் வழியாகத்தான் உங்கள் செல்போனுக்கு வரும். மின்கசிவில் தீப்பிடித்து பிரேக்கர் விழுந்தால் ரவுட்டரும் அணைந்துவிடும். கடையில் உள்ள கருவி அலறினாலும், இரண்டு தளம் மேலே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குபவர்களை அது எழுப்பும் என்று நம்ப முடியாது.

ஒன்று புகையைக் கண்டால் அத்தனையும் சேர்ந்து ஒலிக்க வேண்டும், இன்டர்நெட் இல்லாமலே. அதற்கு ரேடியோவால் இணைந்த கருவிகள் வேண்டும். இந்தியாவில் உரிமம் வாங்காமல் பயன்படுத்தக்கூடிய 865-868 மெகாஹெர்ட்ஸ் அலை, வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸைவிடக் காங்கிரீட்டை நன்றாகக் கடக்கும்.

விற்பவர் ‘ஜிக்பீ மெஷ்’ என்பார், அதாவது குறைந்த மின்சக்தியில் கருவிகளை இணைக்கும் ரேடியோ வலை; செய்தி ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போகும் என்பார். உண்மைதான். ஆனால் ஜிக்பீயில் பேட்டரி சென்சார்கள் மின்சக்தியை மிச்சப்படுத்தப் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். மற்றவற்றின் செய்தியைக் கடத்தாது. கடத்துபவை பிளக்கில் செருகிய கருவிகள். கரண்ட் போனால், அதாவது தீ விபத்தின்போதே, அந்தத் தொடர் அறுந்துவிடலாம். ஆகவே ஹப்பிலும் (எல்லாக் கருவிகளையும் இணைக்கும் மையப் பெட்டி) ரிப்பீட்டரிலும் (செய்தியை வாங்கி மேலே கடத்தும் கருவி) உள்ளேயே பேட்டரி உண்டா என்று கேளுங்கள். ஒரு சென்சாரின் தொடர்பு அறுந்தால் அதைத் தானே கண்டு சொல்லுமா என்றும் கேளுங்கள். துணி அடுக்கிய கட்டடம் என்பதால், விலை கூடினாலும் ஈஎன் 54-25 சான்று பெற்ற ரேடியோ கருவிகளைப் பேனலோடு, அதாவது எல்லாவற்றையும் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு, வாங்கச் சொல்வேன். வயர்லெஸ் தீ எச்சரிக்கைக்கென்றே உள்ள ஐரோப்பியத் தரம் அது.

கடை, சரக்கறை, மாடிப்படியின் உச்சி, ஒவ்வொரு படுக்கையறை ஆகிய இடங்களின் கூரையில் புகை சென்சார் வேண்டும். மாடிப்படி உங்கள் கட்டடத்தின் புகைபோக்கி, அதை விட்டுவிடாதீர்கள். சமையலறைக்கு வெப்ப சென்சார்தான் சரி. சாம்பிராணி போடும் இடத்துக்குப் பக்கத்தில் புகை சென்சார் வேண்டாம். அடிக்கடி வீணாக அலறினால் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள், அதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

மாட்டி முடித்ததும், பணம் கொடுக்கும் முன், மெயின் சுவிட்சை அணையுங்கள். கடை ஷட்டரையும் எல்லாக் கதவுகளையும் மூடிவிட்டு, கீழ்த்தளக் கருவியின் டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். படுக்கையறைகளில் ஒலிக்காவிட்டால் ரிப்பீட்டரை இடம் மாற்றச் சொல்லி மறுபடி பாருங்கள். மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள்.