இமயமலையில் எரிமலை ஏன் இல்லை? மலைகளின் அடியில் உறைந்த கிரானைட் பற்றிக் கேள்வி பதில்

இரண்டு கண்டங்கள் முட்டிக்கொண்டால் அந்த உராய்விலேயே பாறை உருகிவிடும் என்று வகுப்பில் சொல்லலாமா? (ஆசிரியை, ஈரோடு)

வேண்டாம் டீச்சர். உராய்வுச் சூடு கொஞ்சம் உண்டு, ஆனால் மலைமலையாகக் கிரானைட்டை உண்டாக்க அது போதாது. தண்ணீர் சேர்ந்தால் பாறையின் உருகுநிலை இறங்கும், அழுத்தம் குறைந்தாலும் இறங்கும். பூமியின் வெளித்தோலான மேலோடு தடித்தால் உள்ளே சூடு தேங்கும். எந்தக் கிரானைட்டைப் பார்த்தாலும் இந்த மூன்றில் எது வேலை செய்தது என்றுதான் முதலில் தேடுவோம்.

லே போயிருந்தபோது மலையெல்லாம் சாம்பல் நிறம். கோமுகத்தில் பார்த்த சிகரங்களோ வெள்ளை. இரண்டும் கிரானைட் என்கிறார்கள், எப்படி? (பயண விரும்பி, மதுரை)

இமயத்தின் கதையே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

லேயில் நீங்கள் பார்த்த லடாக் கல், இந்தியாவும் ஆசியாவும் மோதியதற்கு முந்தையது. அப்போது இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே டெதிஸ் கடல் இருந்தது. அதன் தரை ஆசியாவுக்கு அடியில் அமிழ்ந்துகொண்டே போனது. அமிழும் தரை தன்னோடு கொண்டுபோன தண்ணீர் ஆழத்தில் வெளியேறி, அதற்கு மேலே, மேலோட்டுக்கு அடியில் இருந்த கவசப் பாறையை உருக வைத்தது. அந்தக் குழம்பு மேலேறி, மேலோட்டுக்குள் தேங்கி, மெல்ல உறைந்தது. ஏறத்தாழ 600 கி.மீ. நீளமுள்ள லடாக் பாத்தோலித் (ஆழத்தில் உறைந்த பெரும் பாறைத் திரள்) அப்படி வந்தது. அதன் பெரும்பகுதி 7 முதல் 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. கர்துங் லா கணவாய் ஏறும் வழியில் உடைந்த கல் ஒன்றை எடுத்துப் பாருங்கள், வெள்ளையும் சாம்பலுமான கனிமங்களுக்கு நடுவே ஹார்ன்பிளெண்டு என்ற கனிமம் கறுப்புக் குச்சிகளாகத் தெரியும்.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் மூடிக்கொண்டது, கண்டமும் கண்டமும் மோதின. அதோடு லடாக் வகைக் குழம்பின் ஊற்று வற்றிவிட்டது.

கோமுகத்தில் பார்த்த கங்கோத்ரிக் கல் அதற்கு வெகுகாலம் கழித்து, சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்தது. மோதலில் மேலோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இருமடங்கு தடித்தது. திபெத்துக்கு அடியில் இன்றும் அது 70 கி.மீ. தடிமன். பாறைக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைந்து தரும் சூடு சொற்பம்தான். ஆனால் கம்பளிமேல் கம்பளி போர்த்தியதுபோல் அது வெளியே போகாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்தது. கடைசியில் உருகியது இந்தியாவின் பழைய களிமண் படிவுகள். உருகின மண் வேறு என்பதால் நிறமும் வேறு. அந்த வெள்ளைக் கல்லில் கறுப்பு டூர்மலின், சிவப்பு கார்னெட் பொட்டுகள், பளபளக்கும் காக்காப்பொன் (மைக்கா) எல்லாம் உண்டு. சிவ்லிங் சிகரம் இந்தக் கல்தான். பாகீரதி சிகரங்களில் வெள்ளைக் கிரானைட்டின் தலையில் கறுப்புப் படிவுப்பாறை தொப்பிபோல் உட்கார்ந்திருப்பதைத் கோமுகத்துக்கு மேலே உள்ள தபோவனத்திலிருந்தே பார்க்கலாம்.

மண் உருகத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அங்கேதான் கடல் மூடிவிட்டதே! (அதே மதுரைக்காரர்)

சபாஷ். காக்காப்பொன்னிலிருந்துதான். அதன் எடையில் சுமார் 4.5 சதவீதம் தண்ணீர், படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. இஸ்திரிப் பெட்டிச் சூட்டையெல்லாம் அது அசையாமல் தாங்கும். ஆழத்தில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது உடைந்து தண்ணீரை விடும், பக்கத்துப் பாறை உருகத் தொடங்கும். அந்தப் பாறைகள் பெரும் பிளவுகள் வழியே மேலே தள்ளப்பட்டபோது அழுத்தமும் குறைந்து உருகல் கூடியது.

குழம்பு இருந்தது, பிறகு எரிமலை ஏன் இல்லை? (கல்லூரி மாணவர், திருச்சி)

ஈரமான குழம்பு மேலேறும்போது அழுத்தம் குறைந்து தண்ணீர் பிரிந்துபோகும். தண்ணீர் போனால் உருகுநிலை ஏறும், குழம்பு வழியிலேயே உறைந்துவிடும். அளவும் குறைவு, பாகும் கெட்டி. இந்தியாவில் எரிமலை பார்க்க வேண்டுமென்றால் அந்தமானின் பாரன் தீவுக்குத்தான் போக வேண்டும். அங்கே கடல் தரை இன்னும் அமிழ்கிறது.

நம்மூரில் இதுபோல ஏதாவது? (நாமக்கல்)

உங்கள் மாவட்டத்திலேயே! சித்தம்பூண்டியின் அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. அமிழும் கடல் தரைக்கு மேல் திரண்ட குழம்பு அது என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால் அதைப் பொடித்துத்தான் இஸ்ரோ சந்திரயான் சோதனைகளுக்கு மண் தயாரித்தது.

சமையல் மேடைக்குப் போட்ட கறுப்பு கிரானைட்டும் மோதலில் வந்ததா? (இல்லத்தரசி, விழுப்புரம்)

இல்லைங்க. அது கிரானைட்டே அல்ல, பெரும்பாலும் டோலரைட் என்ற கரும்பாறை. நிலம் விரிசல் விட்டபோது ஏறிய குழம்பு. மேடைக்கு நல்ல கல்தான், கவலை வேண்டாம்.

இத்தனை கோடி ஆண்டு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? (திருச்சி மாணவர்)

சிர்க்கான் என்ற சிறு படிகத்தில் யுரேனியம் ஈயமாக மாறியிருக்கும் அளவை வைத்து. லடாக் கல்லில் இது நன்றாகவே வேலை செய்யும். கங்கோத்ரிக் கல்லில் சிக்கல் உண்டு. பழைய மண்ணிலிருந்த சிர்க்கான் முழுதும் கரையாமல் நடுவில் மிஞ்சி, அதன்மேல் புதிய ஓடு மட்டும் வளர்ந்திருக்கும். நடுவை அளந்தால் தாய்ப்பாறையின் வயது வரும். அதனால் இந்த வகைக் கல்லுக்கு மோனசைட்டையும் அளப்பார்கள், மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் கிடைக்கும் அதே கனிமம்.