கால் டேங்க் டீசல் இருக்கும்போதே பிரஷர் விழுகிறதா? பம்பை விட்டுவிட்டு டேங்குக்குள் பாருங்கள்

உங்கள் வண்டி 2001 டாட்ஜ் ராம், 24 வால்வ் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் என்ஜின். என்ஜினோடு வந்த லிஃப்ட் பம்பை (டேங்கிலிருந்து டீசலை இழுத்து முன்னே தள்ளும் பம்ப்) எடுத்துவிட்டு, சேஸியில் மாட்டும் வெளிக் கம்பெனி பம்ப் போட்டிருக்கிறீர்கள். டேங்க் நிறைய இருக்கும்வரை நன்றாக ஓடுகிறது; கால் டேங்குக்குக் கீழே போய், டிரெய்லரோடு மேடு ஏறினால் பிரஷர் விழுகிறது. இன்னும் பெரிய பம்ப் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். இந்த வண்டிகளில் பல வருடமாகக் கைவைத்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரிய பம்ப் போட்டால் இது இன்னும் மோசமாகும். டேங்குக்குள் டீசலை உறிஞ்சி எடுக்கும் பழைய பிக்கப் குழாய் சின்ன பம்புக்கு அளவெடுத்துச் செய்தது. அதன் வழியாக அதிகமாக உறிஞ்சினால் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, டீசலில் கரைந்திருக்கும் காற்று நுரையாகப் பிரிந்து வரும். கூடவே, பம்ப் திருப்பி அனுப்பும் டீசலும் டேங்கில் மேலிருந்து கொட்டி நுரைக்கிறது. டேங்க் நிறைய இருந்தால் அது மேலேயே அடங்கிவிடும். மட்டம் இறங்கியதும் அந்த நுரை நேராகப் பிக்கப் வாய்க்கே போகிறது.

இதில் அலட்சியம் கூடாது. 1998 முதல் 2002 வரையிலான 24 வால்வ் வண்டிகளில் இருக்கும் பாஷ் விபி44 பம்புக்கு (என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் பம்ப்) டீசல்தான் மசகு, டீசல்தான் குளிர்ச்சி. முழு லோடில் அதன் வாயில் டீசல் பிரஷர் 10 பிஎஸ்ஐக்குக் கீழே போகக் கூடாது. ஐடிலில் கேஜ் 15 காட்டுவதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். மேடு ஏறும்போது என்ன காட்டுகிறது என்பதுதான் கணக்கு.

செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி ஓஸ் ஒரு துண்டு போட்டு, டேங்கில் டீசல் குறைவாக இருக்கும்போது வண்டியை நிறுத்தி வைத்தபடியே ஓடவிடுங்கள். குமிழி ஓடுகிறதா? அப்படியானால் டேங்க் ஓஸைக் கழற்றி, அதே உயரத்தில் வைத்த டீசல் கேனிலிருந்து இழுக்க விடுங்கள். குமிழி நின்றால் குற்றம் பிக்கப்பில். நிற்கவில்லையென்றால் உறிஞ்சும் பக்கத்து ஜாயின்ட் ஏதோ ஏர் எடுக்கிறது. அந்த இடத்தில் ஒரு சொட்டுகூட வெளியே கசிந்திருக்காது, அதனால் கண்ணால் தேடிப் பிடிக்க முடியாது. கிளாம்ப் ஒவ்வொன்றாக மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

பிக்கப்தான் என்றால் இரண்டு வழி. மேலிருந்து இறக்கும் அகலமான குழாய் ஒன்று. அதன் நுனியைச் சாய்வாக வெட்டி, டேங்க் தரையிலிருந்து ஏறக்குறைய அரை அங்குலம் விட வேண்டும். ஒட்ட வைத்தால் தரையைக் கவ்விக்கொள்ளும். இன்னொன்று, டேங்க் அடியில் ஓட்டை போட்டுப் பொருத்தும் சம்ப், அதாவது டீசல் வந்து தேங்கும் சின்னக் கிண்ணம். கடைசி டீசல் வரை கிடைக்கும், ஆனால் தண்ணீரும் கசடும் முதலில் வந்து சேருவதும் அங்கேதான். அதனால் பம்புக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டி என்றால் நான் சம்ப் பக்கமே போக மாட்டேன். டேங்கின் அடியில் துருத்திக்கொண்டு நிற்பதில் கல் அடித்தால் முழு டேங்கும் காலி. உங்களுக்குக் குழாயே போதும்.

எது போட்டாலும் ஓட்டை போடும்போது உதிரும் பிளாஸ்டிக் சீவலை ஒன்று விடாமல் துடைத்தெடுங்கள். ரிட்டர்ன் லைனையும் பிக்கப்பிலிருந்து தள்ளி, டீசலுக்குள் மூழ்கும்படி கீழே இறக்கிவிடுங்கள். புதுக் குழாய் போட்டுவிட்டு ரிட்டர்னைப் பழையபடி மேலேயே விட்டால், கால் டேங்கில் அதே நுரைதான் மறுபடியும் வரும்.

அப்புறம், ஜிஎம்மின் டியூராமேக்ஸ் டீசல் வண்டி வைத்திருக்கும் நண்பருக்கும் இதையே சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். 2016 வரை அந்த பிக்கப் டிரக்குகளில் லிஃப்ட் பம்பே கிடையாது, உயரழுத்தப் பம்ப் தானே டேங்கிலிருந்து இழுக்கும். கண்ணாடி ஓஸ் சோதனை அவருக்கும் பொருந்தும். பிரஷர் கணக்கு மட்டும் வேறு, விபி44 எண்ணை அங்கே கொண்டுபோக வேண்டாம்.