ராலி ஓட்டியவர் நிர்வாகத்துக்கும் உணவகத்துக்கும் போனால் பழைய அனுபவம் உதவுமா?

ராலி கார் ஓட்டியவர்களில் சிலர் பிறகு மோட்டார் விளையாட்டு நிர்வாகத்துக்குப் போகிறார்கள், சிலர் ஹோட்டல் வைக்கிறார்கள், ஒன்றுக்கொன்று ஒட்டாத இந்த வேலைகளில் பழைய அனுபவம் எதற்காவது உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் செய்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். சாம்பியன் எல்லாம் இல்லை. சொந்தக் காசைப் போட்டுப் பதினோரு வருடம் ஓட்டினேன், பிறகு புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரியான ஸ்டூவர்டாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன், இப்போது உணவகம் நடத்துகிறேன்.

உதவும். ஆனால் எந்த அனுபவம் உதவும் என்பதில்தான் ஓட்டுநர்கள் ஏமாந்துபோகிறோம். தைரியம், வேகம், சட்டென்று முடிவெடுப்பது, இவைதான் நம் சொத்து என்று நினைத்துக்கொண்டு வருவோம். என் விஷயத்தில் அவை பெரும்பாலும் நஷ்டத்தைத்தான் கொண்டுவந்தன. கைகொடுத்ததெல்லாம் என் பக்கத்து இருக்கையில் மடியில் வழிக்குறிப்பு நோட்டோடு உட்கார்ந்து வழியும் நேரமும் சொன்ன நேவிகேட்டர் செய்த வேலை. பதினோரு வருடம் அதை நான் சரியாகக் கவனித்ததுகூட இல்லை.

ராலியை வீடியோவில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மூடிய சாலையில் நேரம் குறித்து, தூசி கிளப்பிக்கொண்டு பறக்கிற ஸ்பெஷல் ஸ்டேஜ் அதில் ஒரு பகுதிதான். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குப் பொதுச் சாலையில், மற்ற வண்டிகளோடு வண்டியாக, சிக்னலில் நின்று போக வேண்டும். வழியில் நேரத்தைப் பதிகிற ஒவ்வொரு டைம் கன்ட்ரோலிலும் உங்களுக்கென்று ஒரு நிமிடம் குறித்திருக்கும். உலக ராலி விதிப்படி ஒரு நிமிடம் தாமதமாகப் போனால் 10 விநாடி அபராதம், ஒரு நிமிடம் முன்னதாகப் போனால் முழுசாக 1 நிமிடம் அபராதம். சீக்கிரம் போனால்தான் தண்டனை அதிகம்! அதனால் மஞ்சள் கடிகாரம் வரைந்த பலகைக்கு முன்னால் கார் உறுமிக்கொண்டு நிற்கும், நேவிகேட்டர் இறங்கிப் போய் அங்கே நிற்கும் அலுவலரான மார்ஷலின் கடிகாரத்தை எட்டிப் பார்ப்பார், நம்முடைய நிமிடம் பிறந்தபிறகுதான் நேரம் எழுதுகிற டைம் கார்டை நீட்டுவார். அந்த நேரத்தில் நான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு "போலாம், போலாம்" என்று கத்திக்கொண்டிருப்பேன்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் பெரிய ஆட்களின் கதையே வேறு மாதிரி தெரிகிறது. 1981 உலக ராலி சாம்பியன்ஷிப்பை ஜெயித்தவர் ஃபின்லாந்தின் அரி வட்டனன். அவருடைய நேவிகேட்டர் டேவிட் ரிச்சர்ட்ஸ். அந்த வருடம் இரண்டாவதாக வந்தவர் கி ஃப்ரெக்லின், அவருக்கு நேவிகேட்டர் ழான் டோட். இப்போது பக்கத்து இருக்கைக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். ரிச்சர்ட்ஸ் புரோடிரைவ் நிறுவனத்தைத் தொடங்கி, சுபாருவை உலகப் பட்டங்கள் வரை கொண்டுபோனார். டோட் பெஜோ அணியை நடத்தினார், 1993இல் ஃபெராரிக்குப் போனார், 2009இல் மோட்டார் விளையாட்டின் சர்வதேச சம்மேளனமான எஃப்ஐஏவின் தலைவரே ஆனார். அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? அதே வட்டனன்தான். 135க்கு 49 என்று தோற்றார்.

அதற்கும் இருபது வருடம் முன்னால், 1989இல் பாலைவனம் வழியாக நடக்கிற டக்கார் ராலியில் டோட்டின் பெஜோ அணியிலிருந்தே வட்டனனும் ஜாக்கி இக்ஸும் முன்னணியில் இருந்தார்கள். இருவரையும் அடித்துக்கொள்ள விட்டால் இரண்டு காரும் போய்விடும் என்று டோட் ஒரு நாணயத்தைச் சுண்டி யார் ஜெயிப்பது என்று முடிவு செய்தார். வட்டனனுக்கு விழுந்தது, அவர்தான் ஜெயித்தார். விளையாட்டு ரசிகனாக எனக்கு அது இன்றும் எரிச்சல்தான். கடை நடத்துகிறவனாகப் பார்த்தால், ஐயோ, நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஓட்டுநர்கள் நிர்வாகத்துக்கு லாயக்கில்லை என்று சொல்லவில்லை. டோட்டுக்குப் பிறகு 2021 டிசம்பரில் தலைவரான முகமது பின் சுலாயம் மத்தியக் கிழக்கு ராலி பட்டத்தை 14 முறை ஜெயித்த ஓட்டுநர். சஃபாரி ராலியை ஐந்து முறை ஜெயித்த சேகர் மேத்தா பிறகு எஃப்ஐஏவின் ராலி ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். மிஷெல் மூட்டோன் 1982இல் உலகப் பட்டத்தை நூலிழையில் தவறவிட்டவர், அந்த ஒரே வருடத்தில் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் என்று மூன்று ராலிகளை ஜெயித்தவர். பின்னாளில் எஃப்ஐஏவின் பெண்களுக்கான ஆணையத்துக்குத் தலைவரானார், உலக ராலியில் பாதுகாப்புப் பொறுப்பும் பார்த்தார். வேகமாக ஓட்டியவரே "இங்கே கூட்டம் நிற்கக் கூடாது" என்றால் கேட்பவர்களும் கொஞ்சம் கேட்கத்தான் செய்வார்கள்.

அந்தப் பாதுகாப்பு வேலைதான் நிர்வாகத்தின் உயிர். 1986இல் போர்ச்சுகலில் கூட்டத்துக்குள் கார் புகுந்து பார்வையாளர்கள் இறந்தார்கள். அதே வருடம் கோர்சிகாவில் ஹென்றி டோய்வோனனும் அவருடைய நேவிகேட்டர் செர்ஜியோ கிரெஸ்டோவும் காரோடு எரிந்துபோனார்கள். குரூப் பி என்ற அந்த அதிவேக ராலி கார் வகையை அடுத்த வருடத்திலிருந்து நிறுத்தினார்கள். அப்போதும் பெரிய கார்களை ஒழித்துவிட்டார்களே என்று அங்கலாய்த்தவர்கள் உண்டு, இருபது வயதில் நானும் அப்படித்தான் பேசித் திரிந்தேன். ஸ்டூவர்டாகி, ஒரு ஸ்டேஜ் தொடங்குவதற்கு முன்னால் ஆம்புலன்ஸ் திரும்பி வந்ததா, ஒவ்வொரு ரேடியோ நிலையத்திலிருந்தும் பதில் வருகிறதா, வளைவின் வெளிப்பக்கம் நிற்கிற கூட்டம் நகர்ந்ததா என்று பட்டியலில் டிக் அடிக்க ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சு போய்விட்டது. ஆம்புலன்ஸ் வரவில்லை என்று ஒருமுறை ஸ்டேஜையே ரத்து செய்தோம். நாற்பது கார்க்காரர்களும் எங்களைத் திட்டினார்கள். கைதட்டல் இருக்கிற இடத்திலிருந்து வருகிறவனுக்கு இது பழகவே ஒரு வருடம் ஆகும்.

நண்பர்களையும் இழப்பீர்கள், தயாராக இருங்கள். நான் கூட ஓட்டிய ஒருவர் மூன்றாம் இடத்தில் வந்துகொண்டிருந்தார். கடைசி கன்ட்ரோலில் அவருடைய நேவிகேட்டர் கூட்டலில் ஒரு நிமிடம் பிசகி, கார்டை முன்னதாக நீட்டிவிட்டார். 1 நிமிட அபராதத்தில் ஐந்தாம் இடத்துக்கு இறங்கினார்கள். மார்ஷலின் கடிகாரம் தவறு என்று புகார் வந்தது. விசாரித்த மூன்று பேரில் நானும் ஒருவன். கடிகாரத்தைக் கொண்டுவரச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தோம், சரியாகத்தான் ஓடியது. கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். முதல் வருடம் நான் கடையை ஓட்டுநர் மாதிரிதான் நடத்தினேன். வாசலில் நின்று பழைய ராலிக் கதை சொல்வேன், சுவரெல்லாம் கோப்பையும் படமும். கூட்டம் வந்தது. எட்டாவது மாதத்தில், கணக்கைச் சரியாகப் பார்க்காமல், இரண்டாவது கிளையைத் திறந்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதாமலே ஆக்சிலரேட்டரை மிதித்த மாதிரி. பதினான்கு மாதத்தில் அதை மூடினேன், அந்தக் கடன் அடைய இன்னும் நான்கு வருடம் ஆனது.

மூடிய வாரத்தில் என் பழைய நேவிகேட்டர் சாப்பிட வந்தார். சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஆனால் வர நேரமாகிறதே என்றார். சமையல்கட்டில் ஆள் போதவில்லை என்றேன். "யாரு சொன்னா? எழுதிப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு ஆர்டர் சீட்டிலும் மூன்று நேரம் எழுதச் சொன்னேன்: சீட்டு உள்ளே போன நேரம், சமைத்து மேடைக்கு வந்த நேரம், மேசைக்குப் போன நேரம். அச்சு அசல் டைம் கார்டுதான். ஒரு வாரம் கழித்துச் சீட்டுகளை மேசையில் பரப்பிப் பார்த்தால் சமையலில் தாமதமே இல்லை. மாஸ்டர் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார். முடிந்த தட்டு மேடையில் ஏழு, எட்டு நிமிடம் ஆறிக்கொண்டு கிடக்கிறது, ஏனென்றால் அதை எடுக்க வேண்டிய சப்ளையர்தான் பில்லுக்காகக் கல்லாவில் வரிசையில் நிற்கிறார். சமையலுக்கு இன்னொரு ஆள் போட இருந்தேன், அந்தச் சம்பளம் மிச்சம். பில்லுக்குத் தனி ஆள் வைத்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் அந்தச் சீட்டுகளில் தெரிந்தது. சில மேசைகளுக்கு முதல் தட்டைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்தது போய்விடுகிறது, அவர்கள் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார்கள், வேறு எதுவும் கேட்பதில்லை. முன்னதாகப் போனாலும் அபராதம் உண்டு என்று அப்போதுதான் உறைத்தது.

அப்புறம், ராலியில் சம்பாதித்த பணத்தில்தான் கடை வைத்தீர்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிரிப்புதான் வருகிறது. சொந்தக் காசில் ஓட்டுகிறவனுக்கு டயர் செலவுக்கே பரிசுப் பணம் போதாது. கடைக்கான முன்பணத்துக்குக் காரை விற்றேன். வாங்கியவர் நல்ல பையன், கார் உருண்டாலும் ஆளைக் காக்கிற இரும்புக் கூண்டான ரோல் கேஜெல்லாம் புதிதாகப் போட்டுக்கொண்டு முதல் ராலிக்கு வந்தார். மூன்றாவது ஸ்டேஜில் உருட்டிவிட்டார். ஆளுக்கு ஒன்றும் இல்லை, இருவருமாக ஓகே பலகையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். சாயங்காலம் விபத்து அறிக்கை கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்தது. வண்டியின் நிலை என்ற கட்டத்தில் ஒரே வரி: பழுது பார்க்க முடியாது.