மண்ணுக்குள்ள ஊருற மைட்: மலைக்காரங்க கேட்ட கேள்விகள்

கோத்தகிரி: சார், தேயிலைச் செடிக்கு அடியில மட்குன சருகை கிளறுனா பழுப்பா, பளபளன்னு புள்ளி புள்ளியா ஊருது. செஞ்சிலந்தியா? மருந்து அடிக்கவா?

தயவுசெஞ்சு அடிச்சிராதீங்க. செஞ்சிலந்தி இலை மேல இருந்து சாறு உறிஞ்சுறது, அது வேற கூட்டம். இது பெரும்பாலும் ஒரிபாட்டிட் மைட், அதாவது சிலந்தி, உண்ணிக்கெல்லாம் சொந்தமான குட்டி ஜீவன், ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, பெருசானதுக்கு ஓடு கெட்டியா இருக்கும். அதுல கலும்னான்னு ஒரு பேரினம், உடம்போட ரெண்டு பக்கமும் றெக்கை மாதிரி மடல் இருக்கும், ஆபத்துன்னா காலை உள்ள இழுத்து மடலால மூடிக்கும், பார்க்கவே அவ்வளவு அழகு. பூஞ்சையும் மட்குற இலையும்தான் சாப்பாடு, செடிக்கு ஒண்ணும் பண்ணாது, சருகை நொறுக்கி எச்சமா போடும், மிச்சத்தை பாக்டீரியா பார்த்துக்கும். சோலைக்காட்டு கருப்பு மண்ணுல இதுங்க உழைப்பும் இருக்கு. ஆனா பெருகுறது ரொம்ப மெதுவு, குளிர் பிரதேசத்துல ஒரு தலைமுறைக்கே மாசக்கணக்கு, சிலதுக்கு வருஷமே ஆயிரும், அதனால சருகை கொளுத்திட்டீங்கன்னா திரும்பி வர லேசுல வராது.

குன்னூர்: பையன் ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு இதை எப்படி பிடிக்குறது?

புனல்ல ஒரு வலைத்துண்டு வச்சு ஈர சருகை போடுங்க, மேல குண்டு பல்பு, கீழ கொஞ்சம் ஆல்கஹால். காய காய எல்லாம் கீழ இறங்கி விழுந்துரும். பெர்லீஸ்ங்குற பூச்சி விஞ்ஞானி 1905ல சொன்ன முறை, பல்பு அப்புறம் டல்கிரன்ங்குற இன்னொரு விஞ்ஞானி சேர்த்தது. பல்பு சருகுல படாம பார்த்துக்கோங்க.

ஊட்டி: புதர்ல நடந்தா காய்ச்சல் வருதே, அதுவும் இதாலயா?

இல்லைங்க. அது லெப்டோட்ரோம்பிடியம்ங்குற வேற மைட், அதோட ஆறுகால் குஞ்சுதான் கடிக்கும், ஸ்க்ரப் டைபஸ்ங்குற அந்தக் காய்ச்சல் அப்படித்தான் பரவும். காய்ச்சலோட உடம்புல எங்கயாவது சிகரெட் சுட்ட மாதிரி கருப்பு பொருக்கு இருந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க, சீக்கிரம் போனா டாக்ஸிசைக்ளின்ங்குற ஆன்டிபயாட்டிக் மருந்துலயே கேட்கும்.

மன்னவனூர்: அண்ணே, ஆட்டுக்குட்டிங்க புழுக்கையில வெள்ளையா துண்டு துண்டா வருது. மண்ணுல இருக்குற மைட்தான் காரணம்ங்குறாங்க, நிஜமா?

நிஜந்தான் தம்பி. அது மோனீசியா நாடாப்புழு, ஆட்டுல இருந்து ஆட்டுக்கு நேரா தொத்தாது. புழுக்கையோட விழுற முட்டைய கலும்னா மாதிரி மைட் தின்னும், அந்த மைட் உடம்புக்குள்ள புழுவோட குஞ்சு சில மாசம் வளர்ந்து, அப்புறம் புல்லோட சேர்த்து அந்த மைட்டை குட்டி மேஞ்சா குடலுக்குள்ள புழுவா ஆயிரும். மைட்டை ஒழிக்குறேன்னு மேய்ச்சல் நிலத்துல விஷம் தெளிக்காதீங்க, நிலந்தான் சாகும். குட்டிக்கு எந்த மருந்து, எவ்வளவுன்னு கால்நடை டாக்டர்கிட்ட கேட்டுக் குடுங்க. ஈரத்துலயும் மங்கல் வெளிச்சத்துலயும்தான் மைட் புல்லு மேல ஏறும், வெயில் ஏற ஏற கீழ இறங்கிரும், அதனால பனி காயுற வரைக்கும் குட்டிங்கள பட்டிய விட்டு ஓட்டாதீங்க.