தங்கக் கடிகாரத்தின் ஆயுள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். மாதச் சம்பளம் 25,000 ரூபாய். இரவு ஒரு மணிவரை, என்னால் ஒருபோதும் வாங்க முடியாத கருவிகளின் விமர்சன வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2024 பிப்ரவரியில் வந்த ஆப்பிள் விஷன் புரோ என்ற, தலையில் மாட்டிக்கொள்ளும் கருவியைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை, தொட்டதுதான் இல்லை. விலை 3,499 டாலர், ஏறக்குறைய என் ஒரு வருடச் சம்பளம். மனைவி கேலி செய்கிறாள். நண்பர்கள் தவணையில் லட்ச ரூபாய் போன் வாங்கிவிட்டார்கள். இப்படி ஏங்குவது தவறா? இவையெல்லாம் பணக்காரர்களுக்கு மட்டும்தானா?

கதிர்

அன்புள்ள கதிர்,

ஏங்குவது தவறா என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் மடாதிபதி இல்லை. மனைவியின் கேலிக்கும் என்னிடம் மருந்து இல்லை. நள்ளிரவில் முகத்தில் நீல வெளிச்சம் அடிக்கப் படுத்திருப்பவரைப் பார்த்து அவர் சிரிக்கத்தான் செய்வார். உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் கொஞ்ச நாட்களாக நானும் வேறொரு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வளர்ந்தது கூத்தாநல்லூருக்கு அருகே. அங்கே சபராளி வீடுகள், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்களின் வீடுகள், அதிகம். சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பும் ஆட்கள் கொண்டுவரும் நேஷனல் பானசோனிக் டூ இன் ஒன், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டிதான், எங்கள் தலைமுறையின் கனவுக் கருவி. நாகூர் ஹனிபாவின் குரல் அந்தப் பெட்டியிலிருந்து வரும்போது சிறுவர்களாகிய நாங்கள் திண்ணையோரம் நிற்போம், உள்ளே கூப்பிடமாட்டார்கள். சில வருடங்களில் அந்த வீட்டுக்குப் புதிய செட் வந்தது. பழையது தையற்கடைக்குப் போயிற்று. அங்கே பெல்ட் தளர்ந்து பாட்டு இழுத்துக்கொண்டு பாடியது. ரிப்பேர்க் கடைக்காரர் பெல்ட்டை மாற்றி, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஹெட்டைத் துடைத்துக் கொடுத்தார். பிறகு அது டீக்கடைக்கு வந்தது, கைப்பிடி உடைந்து, கயிறு கட்டிய நிலையில். நான் அதன் பொத்தானை முதன்முதலாக அழுத்தியது அங்கேதான். பணக்காரர்களுக்கு மட்டுமா என்றால், ஆம், முதல் சில வருடங்களுக்கு. அதற்குப் பிறகு ஊருக்கு.

இப்போது இன்னொன்று. 2015 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் 18 காரட் தங்கத்தில் ஒரு கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 10,000 டாலரில் தொடங்கி 17,000 வரை. 17,000 டாலர் என்பது அன்றைய மதிப்பில் பத்து லட்சம் ரூபாய்க்கும் மேல். உள்ளே இருந்த சில்லு, 349 டாலர் அலுமினியக் கடிகாரத்தில் இருந்த அதே சில்லு. 2018இல் அந்தக் கடிகாரங்களை இயக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு, வாட்ச்ஓஎஸ் 5, வந்தபோது முதல் தலைமுறைக் கடிகாரங்கள் எதற்கும் அது கிடைக்கவில்லை. அலுமினியம், தங்கம் என்று பேதம் பார்க்கவில்லை, அந்தமட்டில் சமத்துவம்தான். பத்து லட்ச ரூபாய்ப் பொருள் மூன்றே வருடங்களில் பழங்கதை. இன்று அதை உங்கள் ஊர் நகைக்கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் தங்கத்துக்கு மட்டும் கணக்குப் போடுவார். அதை ஒரு தையற்காரரிடம் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? நோக்கியா தொடங்கிய வெர்ட்டு என்ற ஆடம்பர போன்களும் இந்த வகைதான். இங்கிலாந்தில் கையால் கோர்த்துச் செய்தார்கள். 2017இல் அந்தத் தொழிற்சாலையே மூடப்பட்டது.

1984இல் மோட்டரோலாவின் முதல் கைப்பேசி 3,995 டாலருக்கு விற்றதே, அரைமணி நேரம் பேச பத்து மணி நேரம் சார்ஜ் போட வேண்டியிருந்ததே, இன்று கீரை விற்கும் அம்மாவிடமும் கைப்பேசி இருக்கிறதே என்று பதில் எழுதுவீர்கள். எழுதாதீர்கள். அந்த அம்மாவிடம் இருப்பது யாரோ ஒரு சீமான் வைத்திருந்து கைமாற்றியது அல்ல, அவருக்கென்றே மலிவாகச் செய்து விற்றது. அதுவும் மூன்று வருடத்தில் பேட்டரி உப்பிச் சாகும். மூடியைத் திறக்கவிடாமல் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று ரிப்பேர்க் கடைக்காரர் சூடான காற்றை ஊதிக்கொண்டே திட்டுவார். விலை அதிகம் என்பது எனக்குக் குறையே இல்லை, டூ இன் ஒன்னும் அன்று எங்களுக்கு எட்டாத விலைதான். இந்தப் பொருட்களை முதுமையடைய விடுவதில்லை என்பதுதான் என் கோபம். பணக்காரன் வீட்டில் பிறந்து, அங்கேயே இழுப்பறைக்குள் செத்துவிடுகின்றன.

நீங்கள் தரப் பரிசோதகர். உங்கள் மேசைக்கு வரும் உதிரிபாகம் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஒதுக்கித் தள்ளுவீர்கள். அத்தனை வீடியோ பார்த்த நீங்கள், அந்த மனிதர்களில் ஒருவராவது ‘பத்தாவது வருடம் இதை யார் திறப்பார்?’ என்று கேட்டாரா என்று கவனித்தீர்களா? விஷன் புரோ திரையின் நுணுக்கத்தை வர்ணிக்கிறார்கள், கண்ணசைவில் இயங்குகிறது என்கிறார்கள், தனியாகத் தொங்கும் பேட்டரி இரண்டு மணி நேரம்தான் வரும் என்பதைச் சிரித்துக்கொண்டே கடந்துபோகிறார்கள். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறீர்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதைவிட அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

தவணை பற்றியும் சொல்லியிருந்தீர்கள். வேண்டாம். போன் போன பிறகும் தவணை வந்துகொண்டிருக்கும்.

மற்றபடி பாருங்கள், ஆனால் உங்கள் மேசையில் உட்கார்ந்திருப்பதுபோலப் பாருங்கள். எந்தக் கருவியை நிராகரித்தீர்கள், எதற்காக என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் இங்கே வெளியிடுகிறேன்.