பாய்லரில் ஒரு முகம்

அன்புள்ள ஐயா,

ஆறு வருடமாகக் கோட்டோவியம் வரைகிறேன். ஒன்றை ஃபேஸ்புக்கில் போட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லைக்கை எண்ணுகிறேன். சமீபத்தில் விவியன் மையர் பற்றிப் படித்தேன். லட்சத்துக்கு மேல் போட்டோ எடுத்துவிட்டு, அநேகமாக யாருக்கும் காட்டாமலே போய்ச் சேர்ந்தாராம். எனக்கு வெட்கமாகிவிட்டது. பாராட்டுக்கு ஏங்குகிறவன் கலைஞன்தானா? மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

கட்டுரை ஏற்றிய அன்றைக்கு, அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் மெயிலைத் திறந்து திறந்து பார்க்கிறவன் நான். என்னிடம் போய் வெட்கத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

மையரைத் துறவியாக்கிவிட்டீர்கள். சிகாகோ பக்கம் வசதியான வீடுகளில் பிள்ளை பார்த்துக்கொண்ட ஆயா அவர். வாடகை பாக்கி விழுந்து, சாமான் போட்டுவைத்த பெட்டிகள் 2007இல் ஏலத்துக்குப் போயின. 2009இல் இறந்தார், பேர் பரவியது அப்புறம்தான். நூற்றுக்கணக்கான பிலிம் சுருள்களைக் கழுவக்கூட இல்லை. இதுவரை நீங்கள் படித்தது சரி.

ஆனால் அந்தக் குவியலில் அவர் தன்னையே எடுத்தவை எத்தனை! கடை ஜன்னலில் தெரியும் முகம், புல்தரையில் விழுந்த தொப்பி நிழல். ஒரு படத்தில் தொழிலாளி ஒருவர் பெரிய கண்ணாடியைத் தூக்குகிறார். அந்த ஒரு கணத்துக்கு அதற்குள் மையர் நிற்கிறார். அவரிடம் இருந்தது ரோலிஃப்ளெக்ஸ். நெஞ்சுக்குக் கீழே பிடித்துக் குனிந்து பார்க்கிற கேமரா. எதிரில் இருப்பவருக்குத் தன்னை எடுக்கிறார்கள் என்றே பல நேரம் தெரியாது. ஒளிந்து பார்க்கத் தோதான அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டுதான் கண்ணாடி கண்ணாடியாகப் போய் நின்றிருக்கிறார்.

கல்யாண வீடியோவில் கேமரா திரும்பும்போது, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பி, முந்தானையை மட்டும் சரிசெய்துகொள்கிற அத்தைகள் இருக்கிறார்களே, எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

அவர் பாராட்டுக்கு ஏங்கினாரா என்று நான் சொல்லமாட்டேன். அவரைக் கேட்காமல் பெட்டியைத் திறந்தவர்கள் நாம். நான் இங்கே இருந்தேன், யாராவது பாருங்கள் என்கிற தவிப்பு அந்தப் படங்களில் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அது இல்லாவிட்டால் அவை வெறும் தெருப்படங்களாகத்தான் நின்றிருக்கும்.

லைக் எண்ணுங்கள், தப்பில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எண்ணுங்கள்.

அப்புறம், உங்கள் மூன்றாவது படம். டீக்கடை பாய்லரின் பித்தளை வளைவில், வீங்கிய மூக்கோடு ஒரு முகம் தெரிகிறது. அது நீங்கள்தானே?